மாப்பிள்ளைக்குத் தொண்ணூறு நாள்

நவம்பர் 11, திங்கள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கடைக் கணக்கு தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. ஐம்பத்தாறு வயதில் டைரி எழுத வைத்திருக்கிறாள் என் தங்கை பூங்கோதை. காரணம் அவள் வீட்டுக்காரர் சிகாமணி.

உடுமலையில் செராக்ஸ் கடை வைத்திருந்த மனுசன். செல்போனில் ரம்மி ஆடி மெஷின் போனது, கடை போனது. கடைசியில் மகள் சேர்த்து வைத்திருந்த மண் உண்டியலை உடைத்தார். அன்றைக்குப் பூங்கோதை அவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டாள்.

நேற்று பேசி முடிவானது இது. தொண்ணூறு நாள் அவர் ஒட்டன்சத்திரத்தில் என் வீட்டில் தங்கி, என் காய்கறி மண்டியில் வேலை பார்க்க வேண்டும். சூதாட்டம் எதையும் தொடாமல் இருந்தால் சேர்த்துக்கொள்வாள். தொட்டால் இல்லை.

"நீங்க எழுதி வைங்கண்ணா. தொண்ணூறாம் நாள் நான் படிப்பேன். அவரு வாயால சொல்றத நம்ப மாட்டேன். உங்க கையெழுத்துல இருந்தா நம்புவேன்."

"நான் பொய் எழுதுனா?"

"நீங்களா? தராசுல ஈ உக்காந்தாக்கூட ஓட்டிட்டு எடை போடற ஆளு."

நாள் 1. மாப்பிள்ளை ஒரு பையோடு வந்தார். அவருடைய போனை என் மனைவி பாக்கியம் வாங்கிப் பீரோவில் வைத்தாள். பட்டன் போன் ஒன்று கொடுத்தோம். தொடவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

நாள் 2. தொடவில்லை. முருங்கை வரத்து குறைவு.

நவம்பர் 14, வியாழன்

நாள் 4. தொடவில்லை. மூட்டைக் கணக்கை அவரிடம் விட்டேன். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. மகமையையும் அவரே போடட்டும் என்றேன்.

மகமை என்பது மூட்டைக்கு ஒரு ரூபாய். கடை ஏற்றுகிற ஒவ்வொரு மூட்டைக்கும் எடுத்து இரும்பு உண்டியலில் போட்டு, அன்றைய தொகையைப் பலகையில் எழுதிவிட வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு அந்தப் பணத்தில் மூன்று நாள் சோறு போடுவோம். பதினாலு வயதில் இந்த மார்க்கெட்டில் மூட்டை தூக்க வந்தபோது, வேறொரு மண்டிக்காரர் போட்ட அந்தப் பந்தியில் மூன்று வேளையும் உட்கார்ந்து தின்றவன் நான். பக்தி கொஞ்சம், பசி மிச்சம். அதனால் என் கடையில் எது நின்றாலும் மகமை நிற்காது.

உண்டியலின் ஒரு சாவி என்னிடம். இன்னொன்று கல்லாவுக்கு மேலே முருகன் படத்துக்குப் பின்னால்.

பாக்கியம் முணுமுணுத்தாள். "போயும் போயும் உண்டியலையா அவரு கையில குடுப்பாங்க?"

"போடறதுக்குத்தானே? எடுக்கறதுக்கா?" என்றேன்.

நவம்பர் 20, புதன்

நாள் 10. தொடவில்லை.

புதன்கிழமை என் டிக்கெட் வரும் நாள். இது தங்கைக்கு வேண்டாத விஷயம்தான், ஆனால் இந்தப் பக்கத்தில் எழுத இடம் இருக்கிறது. என் லாரி டிரைவர் லூர்து திருச்சூருக்குக் காய் இறக்கிவிட்டுக் காலிப் பெட்டியோடு திரும்புவான். வரும்போது எனக்குக் கேரளா லாட்டரி ஒன்று வாங்கி வருவான். நம் பக்கம் விற்கத் தடை. அந்தப் பக்கம் அரசாங்கமே விற்கிறது. எட்டு வருடமாக வாரம் ஒன்று, நாற்பது ரூபாய். விழுந்தாலும் ஒன்று, விழாவிட்டாலும் ஒன்று.

மாப்பிள்ளைக்குப் புத்தி வரட்டும் என்று டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். "பாருங்க மாப்ள. வெளையாட்டுல தப்பில்ல. எங்க நிறுத்தணும்னு மொதல்லயே கோடு போட்டுக்கணும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்குக் காட்டாதீங்க மச்சான்."

பலவீனமான மனசு.

நவம்பர் 22, வெள்ளி

நாள் 12. தொடவில்லை. மாப்பிள்ளை திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தார். அங்கே மனநல டாக்டரம்மா ஒருவர் பார்க்கிறார். சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"என்ன மாப்ள, மாத்திரை குடுத்தாங்களா?"

"கேள்விதான் குடுத்தாங்க மச்சான். மூணு கேள்வி. வெளாண்டத யாருகிட்டயாவது மறச்சீங்களா? போனத எடுக்கறதுக்குன்னே மறுபடி போனீங்களா? யாராச்சும் கேட்டா கோவம் வந்துச்சா?"

"உங்களுக்கு?"

"மூணும் ஆமா."

"ஒண்ணு மட்டும் ஆமான்னா?"

"நானும் அதக் கேட்டேன். மத்த ரெண்டும் வழியில வந்துட்டிருக்குன்னாங்க."

சிரித்துவிட்டேன். விவரமான டாக்டர். வெங்காயம் கிலோ 62.

டிசம்பர் 4, புதன்

நாள் 24. தொடவில்லை.

இன்று எனக்கு விழுந்தது! கடைசி நான்கு எண் பொருந்தி ஐயாயிரம். எட்டு வருடத்தில் நூறு, இருநூறு தவிர விழுந்ததில்லை. கடைக்கு முழுக்க அல்வா வாங்கிக் கொடுத்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு முறை வாங்கித் தின்றார்கள். மாப்பிள்ளை இலையைத் தொடவில்லை.

"இனிப்பு ஆகாதா மாப்ள?"

"ஆகும் மச்சான். எனக்கு மொத வாரமே ஆறாயிரம் வந்துச்சு. நானும் அல்வாதான் வாங்குனேன்."

எனக்கு வந்தது பொறுக்கவில்லை போல.

டிசம்பர் 7, சனி

நாள் 27. தொடவில்லை. மார்க்கெட் விடுமுறை. உட்கார்ந்து யோசித்தேன். வாரம் ஒன்று என்ற கோடு என் முதலுக்குப் போட்டது. இந்த ஐயாயிரம் முதல் இல்லை, லாபம். லாபத்தைத் தொழிலில் திருப்பிப் போடாமல் பெட்டியில் பூட்டுகிறவன் வியாபாரியே அல்ல. லூர்துவிடம் வாரம் பத்து என்று சொல்லியிருக்கிறேன். லாபம் தீர்ந்தால் பழையபடி ஒன்று.

டிசம்பர் 18, புதன்

நாள் 38. தொடவில்லை.

பத்தில் ஒன்றுக்கு நூறு விழுந்தது.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. வெங்காயத்தை ஐம்பதுக்கு வாங்கி வைக்கிறோம், விலை முப்பதுக்கு இறங்குகிறது. பயந்தவன் விற்றுவிட்டு ஓடுவான். விவரமானவன் முப்பதிலும் அதே அளவு வாங்குவான், சராசரி அடக்க விலை நாற்பதாகிவிடும். விலை நாற்பத்தைந்துக்கு வந்தாலே லாபம். நான் கடை வாங்கியதே இப்படித்தான். இறங்கும்போது கையை இழுத்துக்கொள்கிறவனுக்கு ஏற்றத்தில் பங்கில்லை.

அந்தக் கணக்குப்படி இப்போது கூட்ட வேண்டிய நேரம். ஒரே கடைசி எண்ணில் எல்லா வரிசையும் சேர்த்துக் கட்டாகத் தருவார்களாம். லூர்துவிடம் சொன்னேன்.

டிசம்பர் 26, வியாழன்

நாள் 46. தொடவில்லை. பச்சை மிளகாய் ஏற்றம்.

லூர்து டிக்கெட் கட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னான்: "மொதலாளி, போறப்ப தக்காளி லோடு, வர்றப்ப டிக்கெட் லோடு. இனிமே ரெண்டு பக்கமும் வாடகை போடணும் நீங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மாப்பிள்ளை பலகையில் மகமை எழுதிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 30, திங்கள்

நாள் 50. தொடவில்லை. உண்டியல் பூட்டு இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டேன்.

ஜனவரி 3, வெள்ளி

நாள் 54. மாப்பிள்ளை தொடவில்லை.

பாக்கியம் இன்று சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏங்க, தெனமும் மூணு மணியானா போனத் தூக்கிட்டு எங்க போறீங்க? ஏலத்தைப் பாதியில விட்டுட்டு?"

குலுக்கல் தினமும் மூன்று மணிக்கு. அதை எதற்கு அவளிடம் சொல்ல வேண்டும்? "மூத்திரம் போறதுக்கும் சீட்டு எழுதிக் குடுக்கணுமா?" என்று கத்திவிட்டேன். மோர் டம்ளர் கைபட்டு விழுந்தது. சர்க்கரை ஏறியிருக்கும். டெஸ்ட் எடுக்க வேண்டும்.

ஜனவரி 8, புதன்

நாள் 59. தொடவில்லை. சில்லறை தேவைப்பட்டது, உண்டியலில் மாற்றிக்கொண்டேன். கடைப் பணம் எல்லாம் பாங்க் வழியாகப் போகிறது. நூறு ரூபாய் எடுத்தாலும் பாக்கியத்தின் போனில் மணி அடிக்கிறது. ஒரு வீட்டில் இவ்வளவு மணி ஆகாது.

ஜனவரி 10, வெள்ளி

தொடவில்லை. சில்லறை.

ஜனவரி 15, புதன்

நாள் 66. தொடவில்லை. பொங்கலுக்குப் பூங்கோதை பிள்ளைகளோடு வந்திருக்கிறாள். மாப்பிள்ளையோடு நேரடியாகப் பேசவில்லை. ஆனால் அவர் தட்டில் வடை தீர்ந்ததும் பாக்கியத்திடம், "அண்ணி, அங்க வைங்க" என்றாள். அது போதும், பாதிக் கதவு திறந்துவிட்டது.

மகள் புதிதாக ஒரு மண் உண்டியல் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் சட்டைப்பையில் தேடி ஐந்து ரூபாய் எடுத்துப் போட்டார். போட்ட கை கொஞ்ச நேரம் உண்டியல் மேலேயே இருந்தது.

பூங்கோதை என்னிடம் வந்து, "அண்ணா, டைரிய ஒரு பார்வை பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"தொண்ணூறாம் நாள்னு நீதானே சொன்ன?" என்று அவள் கைவைத்த டைரியைப் பிடுங்கினேன்.

"அட, எதுக்கு இப்பிடிப் புடுங்கறீங்க? காதல் கடுதாசியா எழுதி வெச்சிருக்கீங்க?"

மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

ஜனவரி 22, புதன்

நாள் 73. தொடவில்லை. பம்பர் குலுக்கல் பிப்ரவரி ஐந்தாம் தேதி. ஒரு டிக்கெட் நானூறு. அறுபது வாங்கச் சொன்னேன். இதுவரை போனது எல்லாம் ஒரே அடியில் சரியாகிவிடும். ஏழாம் தேதிதான் உண்டியல் திறப்பு. அதற்குள் எல்லாம் இருந்த இடத்துக்கு வந்துவிடும்.

லூர்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "காய் ஏத்தச் சொல்லுங்க மொதலாளி, ஏத்தறேன். இனிமே இதச் சொல்லாதீங்க. எங்கப்பன் சாராயத்துக்கு என்னைத்தான் அனுப்புவான். அதே நடை நடக்கற மாதிரி இருக்குது."

"சம்பளம் வாங்கற வேலைய மட்டும் பாரு."

"அதத்தான் சொல்றேன்."

வேறு வண்டிக்காரனிடம் சொல்லி வாங்கிவிட்டேன். உலகத்தில் லாரிக்கா பஞ்சம்?

ஜனவரி 29, புதன்

நாள் 80. தொடவில்லை. சமையல்காரர் வந்தார். இந்த வருடம் கூட்டம் அதிகமாம், அரிசியும் பருப்பும் முன்னாலேயே எடுத்து வைக்க வேண்டுமாம். "வெள்ளிக்கிழமையே உண்டியலத் தெறந்துருவோம். தை வெள்ளி, நல்ல நாள்" என்று பாக்கியம் சொல்லிவிட்டாள்.

ஏழாம் தேதி என்றுதானே பேச்சு என்றேன். "ஒரு வாரத்துல என்ன குட்டியா போடும்?" என்றாள்.

ஜனவரி 31, வெள்ளி

உண்டியல் திறந்தது. வழக்கம்போல எல்லோரும் பார்க்கக் கீழே கொட்டி எண்ணினோம். பலகைக் கணக்குப்படி தொண்ணூற்றாறாயிரம் இருக்க வேண்டும். ஐம்பத்து மூவாயிரம் இருந்தது.

எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. பாக்கியம் முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டுச் சாவியை எடுத்துப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"நான் எடுக்கலீங்க" என்றார் அவர்.

"புள்ள உண்டியலயே ஒடச்ச கைதானே" என்றாள் பாக்கியம்.

விசாரிப்போம் என்றேன்.

பிப்ரவரி 1, சனி

நாள் 83. விடுமுறை. பாக்கியம் பூங்கோதைக்குப் போன் செய்துவிட்டாள். அந்தப் பக்கத்துப் பேச்சு எனக்கும் கேட்டது. "டைரி வேண்டாம் அண்ணி. எனக்குப் பதில் வந்துருச்சு."

பிப்ரவரி 2, ஞாயிறு

முருங்கை கிலோ 110.

பிப்ரவரி 3, திங்கள்

நாள் 85. மாப்பிள்ளை ஓடிப்போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் காலையில் எப்போதும்போல வந்து மூட்டை எண்ணினார். மகமைக் காசை என் மேசையில் வைத்தார், உண்டியல் பக்கம் போகவில்லை. கூலிக்காரர்கள் அவர் பக்கத்தில் டீ டம்ளரை வைக்கவில்லை.

கடை ஓய்ந்ததும் கேட்டார். "மச்சான், வெள்ளிக்கிழம டைரில என்ன எழுதுனீங்க?"

"பணம் கொறஞ்சதுன்னு எழுதுனேன்."

"யாருன்னு?"

"எழுதல."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமில்லாத பார்வை. பிறகு, "நான் அஞ்சு வருசம் மூணு மணிக்கும் நாலு மணிக்கும் கக்கூசுக்குள்ள போனோட நின்னவன் மச்சான். அந்த நடை எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன சொல்ல வர்றீங்க?"

"ஒண்ணுமில்ல. நான் சொன்னா யாரு நம்புவா? நீங்க எழுதுனாத்தான் நம்புவாங்க."

பேனா எழுதவில்லை என்று சொல்லி டைரியை மூடிவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

பம்பர் குலுக்கல். அறுபது டிக்கெட்டையும் குடோனுக்குள் தக்காளிப் பெட்டி மேல் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஒன்றில் கடைசி நான்கு எண் பொருந்தியிருந்தது. ஐயாயிரம்.

இதை இருக்கிறபடி எழுதுகிறேன். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு உண்டியல் ஞாபகம் வரவில்லை. மாப்பிள்ளை ஞாபகம் வரவில்லை. ஐயாயிரத்துக்கு நாற்பது ரூபாய் டிக்கெட் நூற்று இருபத்தைந்து வரும் என்றுதான் முதலில் ஓடியது. கணக்கு அவ்வளவு வேகமாக வந்தது.

ஒரு காலிப் பெட்டி மேலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஏலம் நடந்தது. நான் இல்லாமலே நடந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

முந்தைய பக்கங்களைப் படித்தேன். இதை எழுதியவனுக்கு நான் ஒரு மூட்டைகூடக் கடன் கொடுக்க மாட்டேன்.

பூங்கோதைக்கு. உண்டியலில் எடுத்தது நான். டிசம்பர் முப்பதிலிருந்து ஜனவரி இருபத்திரண்டு வரை ஏழு தடவை. எண்ணெய் விட்டேன், சில்லறை மாற்றினேன் என்று எழுதியிருப்பது எல்லாம் அதுதான். நாற்பத்து மூவாயிரமும் டிக்கெட்டில் போனது. வேறு செலவு எதுவும் இல்லை.

வெங்காயத்துக்கு அடக்கம் இறக்கினேன், சரி. வெங்காயம் விலை இறங்கினாலும் குடோனில் வெங்காயமாக இருக்கும். யாராவது குழம்பு வைப்பார்கள். மூன்று மணிக்கு மேல் டிக்கெட்டில் என்ன இருக்கிறது? இது தெரியாமலா நாற்பது வருடம் தொழில் செய்தேன்? தெரியும். தெரிந்தும் என் மூளையே எனக்கு வக்கீலாக வந்து வாதாடியது. விழுந்த ஐயாயிரத்தைச் சொன்னது, போனதைக் கழிக்கவில்லை. ஒரு விவசாயி கூலியும் வாடகையும் கழிக்காமல் என்னிடம் கணக்குக் கேட்டிருந்தால் சிரித்து அனுப்பியிருப்பேன்.

டாக்டரம்மாவின் மூன்று கேள்வி நவம்பர் 22இல் இருக்கிறது. எனக்கும் மூன்றுக்கும் ஆமாதான்.

இதெல்லாம் ஒரு பக்கம். எண்ணும்போது எல்லோரும் அந்த மனுசனைப் பார்த்தார்கள். நானும் அவரைப் பார்த்தேன். அதுதான் பெரிய திருட்டு.

பிப்ரவரி 7, வெள்ளி

நாள் 89. முதலில் பாக்கியத்திடம் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. "போன குடுங்க" என்றாள். என் போன் இப்போது பீரோவில், மாப்பிள்ளை போனுக்குப் பக்கத்தில். கடைப் பூட்டு, கல்லா, உண்டியல் சாவி மூன்றும் அவள் இடுப்பில்.

பிறகு எந்த இடத்தில் எண்ணினோமோ அதே இடத்தில் எல்லோரையும் கூப்பிட்டேன். "எடுத்தவன் நான். மாப்ள இல்ல" என்றேன். லூர்து போய் டீ வாங்கி வந்து முதல் டம்ளரை மாப்பிள்ளை கையில் கொடுத்தான். இரண்டாவதை என்னிடம் நீட்டினான். "சூடு இருக்குது மொதலாளி, பாத்து."

பாங்கிலிருந்து நாற்பத்து மூவாயிரம் எடுத்து உண்டியலில் போட்டது பாக்கியம். அவள் போனில் மணி அடித்தது. நல்ல சத்தம்.

பிப்ரவரி 8, சனி

நாள் 90. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் உடுமலை போனேன். பூங்கோதை கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. டைரியை நீட்டினேன். வாசற்படியிலேயே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் நின்றோம். மகள் ஜன்னலில் நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்துவிட்டு என்னிடம் பேசவில்லை. அவரிடம்தான் முதலில் பேசினாள். மூன்று மாதத்தில் முதல் தடவை.

"அன்னிக்கு நான் போன்ல பேசுனதக் கேட்டீங்களா?"

"கேட்டுச்சு."

"அப்பவே பஸ் ஏறி வந்து சண்ட போட்டிருக்கலாம்ல?"

"ஏழு நாள்தான் பாக்கி இருந்துச்சு பூவு. முடிக்கலாம்னு பாத்தேன்."

அவள் நகர்ந்து வழி விட்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். "செவ்வாக்கெழம கௌம்பி மண்டிக்குப் போங்க. கணக்கு எழுத ஆள் வேணும் அங்க" என்று பின்னாலிருந்து சொன்னாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் எதிர்பார்த்தது வசவு. அவள் டைரியைப் பிரித்து மிச்சம் இருந்த பக்கங்களை விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"இன்னும் நெறையா வெள்ளையா கெடக்குது."

"சரிம்மா."

"நாளைக்கு நாள் ஒண்ணு. மே மாசம் வந்து படிப்பேன். டாக்டரம்மாகிட்ட அவரு கூட்டிட்டுப் போவாரு."

"என் கையெழுத்த இனி நம்புவியா?"

"முப்பத்தொண்ணாம் தேதி எழுதுனத நம்ப மாட்டேன். ஆறாம் தேதி எழுதுனத நம்பறேன். எந்தக் கையில எழுதப் போறீங்கன்னு பாக்கலாம்" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நாள் 3.

தைப்பூசம். மூன்றாம் நாள் பந்தி. சாம்பார் வாளி என் கையில், சோறு மாப்பிள்ளை கையில். மொத்தம் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. காலில் கொப்புளத்தோடு ஒருவர் மூன்றாம் முறை சோறு கேட்டுவிட்டு வெட்கப்பட்டார். நிறையப் போட்டேன்.

காலிப் பெட்டியோடு லூர்து திருச்சூரிலிருந்து வந்து இறங்கினான். என் கண் அவன் சட்டைப்பைக்குத்தான் முதலில் போனது. ஒன்றுமில்லை, பீடிக்கட்டு.

மாப்பிள்ளை அதைக் கவனித்துவிட்டார். "அதையும் எழுதுங்க மச்சான்" என்றார்.

எழுதிவிட்டேன். தொடவில்லை.